உண்டு

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பதில் சொல்லத் துப்பில்லாமல் கதை எழுத உட்கார்ந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து கற்பனை வளம் என்று பாராட்டிவிடக் கூடாது.

அவள் பெயர் ஹரிதா. என் நண்பன் கோவர்த்தனனின் மனைவி. கோவர்த்தனன் புத்தூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். போன மே மாதம், பிச்சாட்டூர் டேம் கரையில் மின்னலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மின்னல் தாக்கி இறந்துபோனான். நான் முப்பதடி தள்ளிக் காருக்குள் இருந்தேன்.

ஆகஸ்டில் ஹரிதா திருப்பதிக்கு, என் டி.டி.பி. கடைக்கு வந்தாள். ஸ்டுடியோவை இனித் தானே நடத்தப்போவதாகவும் போர்டில் பெயரை மாற்ற வேண்டும் என்றும் சொன்னாள். நான் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கியும் சின்னதாக்கியும் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் கைப்பையிலிருந்து கோவர்த்தனனின் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். அன்று அது காரின் டேஷ்போர்டில் நின்று ரீல்ஸுக்காக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. போலீஸ் திருப்பிக் கொடுத்த பிறகும் பூட்டைத் திறக்கத் தெரியாமல் மூன்று மாதம் அலமாரியில் கிடந்து, இப்போதுதான் திறக்க முடிந்திருக்கிறது.

அவள் போட்டுக்காட்டிய வீடியோவின் கடைசிப் பகுதியில் பார்க்க ஒன்றுமில்லை. இருட்டு, கண்ணாடியில் நாலைந்து தூறல், காற்றின் இரைச்சல். தூரத்திலிருந்து கோவர்த்தனன் ஏதோ கேட்கிறான். காற்றில் எல்லாம் அடித்துக்கொண்டு போய், கடைசியில் "...டா?" என்பது மட்டும் காதில் விழுகிறது. உடனே பக்கத்தில், தெளிவாக, என் குரல்.

"உண்டு!"

அதற்குப்பின் ஒன்பது விநாடி. பிறகு திரை முழுக்க வெள்ளை.

ஹரிதா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பரணிண்ணா, இத நீங்க தமிழ்ல சொன்னீங்களா, தெலுங்குல சொன்னீங்களா?"

2

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

தமிழில் 'உண்டு' என்றால் இருக்கிறது, ஆமாம். தெலுங்கில் அதே ஒலிக்கு 'இரு', 'அங்கேயே நில்' என்று பொருள். ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரி, புத்தூர், பிச்சாட்டூர் பக்கம் எங்களுக்கெல்லாம் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்போம். எந்த இடத்தில் மாறினோம் என்று நிறுத்திக் கேட்டால் விழிப்போம்.

[கல்யாணப் பத்திரிகையை இரண்டு மொழியிலும் அடித்துக் கொடுப்பது என் தொழில். அந்தப் பழக்கத்தில் அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அடித்துப் பார்த்தேன். மூன்றே எழுத்து. தெலுங்குச் சொல்லையும் தமிழ் எழுத்தில் அடித்தேன். அதே மூன்று எழுத்து. கதையாக எழுதினால் வித்தியாசம் தெரியும் என்று நினைத்தேனே, அங்கேயே எனக்கு முதல் அடி.]

ஆக, கோவர்த்தனன் "டேஞ்சர் உண்டா?" என்று கேட்டிருந்தால், நான் ஆமாம் என்று எச்சரித்திருக்கிறேன். அவன் அதை 'இரு' என்று காதில் வாங்கி நின்றுவிட்டான். "வந்துடட்டா?" என்று கேட்டிருந்தால், நான்தான் அவனை நிற்கச் சொன்னேன். பதிவில் இருப்பது ஒரு 'டா' மட்டும். அது இரண்டுக்கும் பொருந்தும்.

அன்று ஹரிதாவிடம், "ஞாபகமில்லம்மா, அந்தக் காத்துல..." என்று இழுத்தேன். அவள் விடவில்லை.

"தமிழ்னா அவரு தப்பா கேட்டுக்கினாரு, தலையெழுத்துன்னு விட்டுடுவேன். தெலுங்குன்னா நீங்க நிக்கச் சொல்லிக் கீறீங்க. அதையும் தாங்கிக்குவேண்ணா. இப்ப தெனமும் ரெண்டுத்தையும் நெனச்சுக்கினு கீறேன். சோறு துன்றப்ப ஒண்ணு, படுக்கறப்ப ஒண்ணு. முடியல."

"யோசிச்சு சொல்றேம்மா."

"சரே. யோசிச்சு செப்பண்டி" என்று சொல்லிவிட்டு, போர்டில் எழுத்து சிவப்பிலேயே இருக்கட்டும் என்றாள்.

3

தொடக்கங்கள்.

"வானம் கடுங்கோபத்தில் இருந்தது." அழித்துவிட்டேன். வானத்துக்குக் கோபமெல்லாம் கிடையாது. பழியைத் தூக்கி மேலே போட்டுவிட அப்படி எழுதியிருக்கிறேன் என்று மறுநாள் படித்தபோதுதான் உறைத்தது.

"கோவர்த்தனன் எதற்கும் அஞ்சாதவன்." இதில் இரண்டு பக்கம் போனேன். எழுத எழுத அவன் ஒரு துணிச்சல்காரனாக, சொன்னால் கேட்காதவனாக, சாவை விலைக்கு வாங்குகிறவனாக ஆகிக்கொண்டே வந்தான். எனக்கே சந்தேகம் வந்து ஹரிதாவுக்குப் போன் செய்தேன். கதை எழுதுவதை அவளிடம் சொன்னது அப்போதுதான்.

"தைரியமா? அவருக்கா?" என்று கேட்டாள். சிரிக்கிறாளோ என்று நினைத்தேன். "பல்லி உயுந்தா சேர் மேல ஏறி நிப்பாருண்ணா. காஸ் சிலிண்டர் மாத்த என்னத்தான் கூப்புடுவாரு. நீங்க பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். பயந்த சுபாவம் உள்ளவன், அதனால் எல்லாவற்றுக்கும் விதி வைத்திருந்தவன். இறந்தவன் வந்து மறுக்கமாட்டான் என்பதால் அவன் சுபாவத்தையே மாற்றி எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன்.

மூன்றாவது தொடக்கம் நடந்த விஷயம், அதனால் விட்டுவைக்கிறேன். ஐந்து வருடங்களுக்கு முன் சித்தூர் ஜோடி ஒன்றைக் கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்காகச் சந்திரகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போயிருந்தான். அவர்களுடைய பத்திரிகை என் கடையில் அடித்தது, பொழுது போகாமல் நானும் கூடப் போனேன். சாயங்காலம் திடீரென்று மேகம் கூடி இடி இடித்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் காருக்கு ஓடினார்கள். கோவர்த்தனன் அவர்களுக்கு முன்னால் ஓடினான். கேமரா ட்ரைபாடிலேயே நின்றது, அப்போது முப்பது விநாடிக்கு ஷட்டர் திறந்திருந்தது. மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால், ராஜ மகாலின் கோபுரத்துக்குப் பின்னால் கிளை கிளையாக ஒரு மின்னல். அவன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பரணி, நான் எடுக்கலடா இத. அதுவே வந்து குந்திக்கிச்சு" என்றான்.

அதன்பிறகு ஒவ்வொரு கோடையிலும் போனோம்.

4

மின்னலைப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்தினால் வெறும் இருட்டுதான் பதியும். ஷட்டரை முன்பே திறந்துவைத்து, இருபது முப்பது விநாடி காத்திருக்க வேண்டும். வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் மூடி, மறுபடி திறக்க வேண்டும். ரிமோட் ஒயர் ஒரு மீட்டர்தான் என்பதால் அவன் கேமராவுக்குப் பக்கத்திலேயே நிற்பான். நான் காரில். என் வேலை எண்ணுவது. வெளிச்சம் வந்ததும் எண்ண ஆரம்பித்து, இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். எண்ணிக்கை குறையக் குறைய மின்னல் நெருங்குகிறது என்று பொருள். பத்துக்குக் கீழே போனால் நான் "வா" என்று கத்த வேண்டும், அவன் ட்ரைபாடை அப்படியே விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். விதி அவன் வைத்தது.

(ஒன்றைச் சேர்க்க மறந்தேன். கல்யாண மேடையில் அவன் மாப்பிள்ளை பெண்ணை அசையாமல் நிறுத்த "உண்டண்டி, உண்டண்டி" என்றுதான் கத்துவான். தமிழ்க் கல்யாணத்திலும் அதே கத்தல்தான். கேமரா கையில் இருந்தால் அவன் காது தெலுங்குக் காது. இதை எந்த இடத்தில் வைப்பது என்று மூன்று முறை மாற்றினேன். இதை முன்னால் வைத்தால் எனக்கு நல்லது, அதனால்தான் அந்தத் தவிப்பு.)

அன்று ஏழரை மணி. மேற்கே நகரி மலைக்குப் பின்னால் மேகம் எழும்பி வந்துகொண்டிருந்தது. டேமில் தண்ணீர் பாதிதான். அவன் கரையின்மேல் ட்ரைபாடை ஊன்றி, கேமராவுக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை மாட்டினான். முதல் அரை மணி நேரம் மேகத்துக்குள்ளேயே மினுங்கியது. எண்ணிக்கை முப்பது, இருபத்தைந்து, இருபது.

பிறகு அது வந்தது. மலை முகட்டிலிருந்து ஆரம்பித்து வானத்தின் குறுக்கே எங்கள் தலைக்கு நேராக வந்து, தண்ணீரிலும் ஒன்றாகத் தெரிந்தது. ஐந்து வருடத்தில் அப்படி ஒன்று எங்களுக்குக் கிடைத்ததில்லை. கோவர்த்தனன் அங்கிருந்து சின்னப் பிள்ளைபோலக் கத்தினான். நானும் கத்தினேன்.

எண்ணினேன். ஆறு.

அவன் ஏதோ கேட்டான். நான் "உண்டு" என்றேன்.

[இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. அதில் அவன் என்னைப் பார்த்துக் கையசைத்தான். இருட்டில் அவன் கை எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. எடுத்துவிட்டேன்.]

5

முடிவுகள்.

முடிவு ஒன்று. கோவர்த்தனன் காற்றை மீறிக் கேட்டான்: "பரணி, டேஞ்சர் உண்டாடா?" எண்ணிக்கை பத்துக்குக் கீழே போய்விட்டிருந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "உண்டு!" ஆனால் பன்னிரண்டு வருடமாக மேடைமேடையாக அந்தச் சொல்லால் மனிதர்களை நிறுத்திவைத்தவன், தன்னையும் நிறுத்திக்கொண்டான். இரண்டு மொழிக்கும் நடுவில் பிறந்த ஒருவன் அந்த நடுவிலேயே

இந்த வாக்கியத்தை இதற்குமேல் கொண்டுபோகக் கூசுகிறது. ஆனால் முடிவு நன்றாகத்தான் இருக்கிறது. யார்மேலும் குற்றமில்லை. படிப்பவர் பெருமூச்சு விடலாம். ஹரிதா போர்டை மாட்டலாம். இதை அவளிடம் சொல்லிவிட்டால் யாராலும் பொய் என்று காட்ட முடியாது. பதிவில் இருப்பது ஒரு 'டா', ஒரு 'உண்டு'.

முடிவு இரண்டு. அவன் கேட்டான்: "எத்துக்கினு வந்துடட்டா?" நான்

[நான்கு நாளாக இந்த வரி 'நான்' என்பதோடு நிற்கிறது.]

இதற்கிடையில் இன்னொரு விஷயம். ஏன் தமிழில் எழுதுகிறாய் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். தாய்மொழி என்று பதில் வந்தது. அது சுத்தப் புளுகு. நான் தமிழ் படிக்கக் கற்றதே இருபது வயதுக்குமேல், பத்திரிகை அடிப்பதற்காக. தெலுங்கில் எழுதினால் இன்னும் வேகமாக எழுதுவேன். ஹரிதா வீட்டில் தமிழ் பேசுகிறாள். ஆனால் எங்கள் பக்கத்துப் பெரும்பாலோர்போல அவளுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. பஸ்ஸில் ஊர்ப் பெயரைக்கூடத் தெலுங்கில்தான் படிப்பாள். இந்தக் கதையை அவள் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்தாலும் அவளால் படிக்க முடியாது. அதனால்தான் தமிழ். அவளுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

6

நான்காம் பகுதியில் "எண்ணினேன். ஆறு" என்று எழுதியிருந்தேன். அந்த வரியை மிகவும் யோசித்து எழுதினேன். ஆறு தமிழிலும் ஆறு, தெலுங்கிலும் ஆறு. அதனால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது.

நான் வாய்க்குள் எண்ணியது இப்படி: ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது, ஆறு.

வாய்ப்பாடு தெலுங்கில் படித்தவன் நான். கடையில் தாள் எண்ணினாலும், மாடிப்படி எண்ணினாலும் எனக்குத் தெலுங்குதான். எண்ணும்போது நான் தமிழில் இருப்பதே இல்லை. அந்த எண்ணிக்கை முடிந்த அடுத்த மூச்சில் வந்த சொல் அது. அது தெலுங்குதான்.

அவன் கேட்டது, "எத்துக்கினு வந்துடட்டா?" காற்று அடித்தது உண்மை. ஆனால் எனக்கு முழுக்கக் கேட்டது. அவன் குரலில் பயம் இருந்தது. விதிப்படி "வா" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். ஓரெழுத்து. நான் "உண்டு" என்றேன். இரு, அங்கேயே இரு என்றேன். முந்தைய மின்னல் அவ்வளவு அழகாக இருந்தது. அப்படி இன்னொன்று வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதற்குமுன் இரண்டு தடவை எட்டு வரைக்கும் விட்டுப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு அது தெரியாது. எண்ணிக்கையை நான் பொய்யாகச் சொல்லமாட்டேன் என்று நம்பித்தான் அவன் அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

கோவர்த்தனன் தப்பாகக் கேட்கவில்லை. நான் சொன்னதைச் சரியாகக் கேட்டு, சொன்னபடி நின்றான்.

ஹரிதா, என்னை மன்னித்துவிடு என்று இங்கே எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். கேட்பதற்கு எனக்கு யோக்கியதை வந்தபிறகு நேரில் கேட்கிறேன்.

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் ஹரிதாவே கூப்பிட்டாள்.

"கத முடிஞ்சிருச்சாண்ணா? எடுத்துக்கினு வாங்க. படிச்சுக் காட்டுங்க."

மத்தியானம் புத்தூருக்குப் போனேன். முதல் ஆறு பகுதிகளையும் அச்செடுத்து எடுத்துப்போயிருந்தேன். ஐந்தில், முடிவு ஒன்றோடு நிறுத்திவிடுவதாகத் திட்டம். பஸ்ஸில் அதைப் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

ஸ்டுடியோவில் கூட்டமில்லை. புதுப் போர்டு இன்னும் சுவரில் சாய்ந்தே நின்றது, தாள்கூடப் பிரிக்கவில்லை. அவள் யாருடையதோ பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டே கேட்டாள். பல்லி வரும் இடத்தில், "அத்தக்கூட போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். டேம் கரை வந்ததும் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவே இல்லை. நான் முடிவு ஒன்றை வாசித்தேன். குரல் நன்றாகவே வந்தது. வாசித்துவிட்டுத் தாள்களைச் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

ஹரிதா வெட்டிய படங்களை ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

அவள் கையை நீட்டித் தாள்களை வாங்கினாள். எழுத்து தெரியாதவள் என்ற தைரியத்தில் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். கடைசித் தாளில் விரலை வைத்தாள்.

"ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுக் கீறீங்க. நீங்க அஞ்சுன்னு சொல்லி படிச்சீங்க. இங்க ஆறு கீதே. அத்த படிக்கலையே?"

எண்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதை யோசிக்கவே இல்லை. பதினெட்டு வருடம் எழுத்துக் கோத்தவன் செய்யும் தப்பா இது?

"படிங்கண்ணா" என்றாள்.

ஐந்தில் விட்டதையும் ஆறையும் வாசித்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். ஆறாம் பகுதி உங்கள் கண்முன் இருக்கிறது. அதில் ஓரிடத்தில் 'தெலுங்குதான்' என்று அச்சாகியிருப்பதை நீங்கள் பார்த்தீர்கள். அந்த இடம் வந்தபோது என் வாய் அதே சொல்லைச் சொன்னதா, அல்லது படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் எதிரில் உட்கார்ந்துகொண்டு அதை மாற்றி வாசித்ததா? நீங்கள் அங்கே இல்லை. எழுதியதைப் பார்த்தவர் நீங்கள், வாசித்ததைக் கேட்டவள் அவள். இந்தக் கதையில் இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வாசித்து முடித்தபோது அவள் அழவில்லை. என் கையிலிருந்து தாள்களை மறுபடி வாங்கி, மேசையில் தட்டி ஒழுங்காக்கினாள்.

"ஒரு எடத்துல நின்னு நின்னு படிச்சீங்க" என்றாள்.

"கண்ணாடி மாத்தணும்மா."

"இத நான் வெச்சிக்கட்டா?"

"உனக்குத்தான் தமிழ் எழுத்து..."

"எதிர்க் கட டெய்லர் பிரமிளா இல்ல, அது திருத்தணிப் பொண்ணு. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இன்னிக்கி லீவு உட்டுக் கீது. நாளைக்கி வந்ததும் படிச்சுக் காட்டச் சொல்றேன்." தாள்களை மேசை டிராயருக்குள் வைத்துச் சாத்தினாள். "நீங்க வாயால சொன்னத கேட்டுட்டேண்ணா. எழுதுனதையும் ஒருவாட்டி கேட்டுக்கறேன். ரெண்டும் ஒண்ணுதான்னா எனக்கு நிம்மதி."

நான் தலையாட்டினேன். பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்தேன். ராத்திரி சாப்பிடவில்லை.

இந்த ஏழாம் பகுதி மட்டும் அவளிடம் இல்லை. இதை இப்போதுதான் கடையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்தாளன் என்ற முறையில் ஒரு முடிவை எழுதலாம், எனக்குத் தெரிந்த முடிவுதான். பிரமிளா ஆறாம் பகுதியை வாசிக்கும்போது ஹரிதா பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள், அல்லது அவளை நடுவில் நிறுத்தி, "இன்னொருவாட்டி படி" என்பாள். இரண்டில் எது என்று நான் எழுதமாட்டேன். இத்தனை நாள் என்னை விட்டால் வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்த காரியங்களைப் படித்துவிட்டீர்கள். என்னைப்பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை, காலை ஒன்பதே முக்கால். பிரமிளா பத்து மணிக்குத்தான் கடை திறப்பாள்.